எட்டு மாதத்தில் முளைத்த பல்

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. செர்காம் பந்தாயில் இக்கான் பாக்கார் கடை ஒன்றில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். நண்டுக் காலைக் கடித்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். உடைந்தது நண்டு என்றுதான் நினைத்தேன். நாக்கால் துழாவிப் பார்த்தபோதுதான் என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருப்பது தெரிந்தது.

மறுநாள் பார்த்த பல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ரூட் கெனால் செய்து மேலே உறை போடலாம், 1,900 ரிங்கிட். இல்லையென்றால் பிடுங்கிவிடலாம், 80 ரிங்கிட். அந்த மாதம் காருக்குக் காப்புறுதி கட்ட வேண்டியிருந்தது. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டு வேறு. கடைவாய்ப் பல் தானே, சிரித்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று 80 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இலாபம் என்றுகூட நினைத்தேன்.

அந்த ஓட்டையை அடைக்கக் கடைசியில் எனக்கு ஆன செலவு 7,750 ரிங்கிட். எடுத்துக்கொண்ட காலம் எட்டு மாதம். ‘இம்பிளாண்ட் வலிக்குமா, பல் செட் போதாதா’ என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால், நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. நாற்காலியில் படுத்துக் கிடந்தவன், அவ்வளவுதான்.

ஒரு பல் போனால் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. பல்லைத் தாங்குவதற்காகவே இருந்த தாடை எலும்பு, இனி வேலையில்லை என்று தெரிந்ததும் கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டுக்குள்ளேயே அதன் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடலாம். பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும். எதிரே மேல்தாடையில் இருக்கும் பல், கடிக்க ஜோடி இல்லாமல் கீழே இறங்கும். எனக்கு மூன்றும் நடந்தன. பத்து ஆண்டுகளாக இடப்பக்கமே மென்று மென்று, இப்போது அந்தப் பக்கத்துப் பல்லும் கூச ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

முதலில் நான் போனது பேரங்காடி ஒன்றில் இருந்த கிளினிக். பெயர் வேண்டாம். ‘ஒரே நாளில் பல்’ என்று பெரிய பதாகை, சலுகை விலை, இந்த மாதக் கடைசி வரை மட்டும். முகப்பில் இருந்த பெண் முன்பணம் கட்டுவது எப்படி என்று விளக்கினார், தவணை முறை பற்றி விளக்கினார். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எலும்பை ஸ்கேன் செய்து பார்க்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஒரே நாளில் பல் பொருத்துவது பொய்யல்ல. எலும்பு நன்றாக இருந்து, இடமும் தோதாக அமைந்தால் சிலருக்கு அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஸ்கேன், பதாகை அல்ல.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்தவர் நம் தமிழ்ப் பெண். என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டார். எனக்கு 47 வயதுதான், இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே பத்து நிமிடம் கேள்வி கேட்டார். புகைக்கிறீர்களா, வேப் உண்டா, இரவில் பல்லைக் கடிப்பீர்களா, வெற்றிலை போடுவீர்களா, இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ உண்டா, சர்க்கரை எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு, ‘கொஞ்சம் இருக்கு, கண்ட்ரோல்ல இருக்கு’ என்றேன். நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பதில் அதுதானே. அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை எடுத்து வரச் சொன்னார்.

முடிவு 8.9 விழுக்காடு.

“இந்த நம்பரோட நான் செய்ய மாட்டேன் அங்கிள். காயம் ஆறாது, எலும்பு பிடிக்காது. காசும் போகும், பல்லும் போகும். மூனு மாசம் கழிச்சு வாங்க,” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுக்கத் தயாராக இருப்பவனைத் திருப்பி அனுப்புகிறாரே என்று. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு யோசித்தேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். எல்லா இனத்தவரிலும் நாம்தான் அதில் முன்னணி. ‘கண்ட்ரோல்ல இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் நம்மில் எத்தனை பேரிடம் அந்த எண் இருக்கிறது? பல் வைக்கப் போன இடத்தில் என் சர்க்கரை பிடிபட்டது. காலையில் தே தாரேக்கை விட்டேன். கிளினிக்கில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாமான் பூங்காவைச் சுற்றி நடந்தேன். மே மாதம் மறுபடி பார்த்தபோது 7.2. அதன் பிறகுதான் ஸ்கேன்.

முப்பரிமாண ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நின்றபடி தாடையை ஒரு தாங்கியில் வைத்தால், இயந்திரம் தலையை ஒரு சுற்றுச் சுற்றும். அரை நிமிடம்கூட ஆகாது. கணினித் திரையில் என் தாடையை ரொட்டித் துண்டு போல வெட்டி வெட்டிக் காட்டினார். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதைத் தொட்டுவிட்டால் கீழுதடு மரத்தே போய்விடலாம். அந்த நரம்புக்கு மேல் எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதற்காகத்தான் இந்த அளவெல்லாம். எனக்கு உயரம் போதுமாம், அகலம் போதாதாம். பிடுங்கியவுடன் வந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது என்று சொல்லி, எலும்புத் தூள் வைப்பதற்கு 900 ரிங்கிட் சேர்த்தார். மேல்தாடைக் கடைவாயாக இருந்தால் சைனஸ் குழியின் தளத்தை உயர்த்தும் வேலையும் வரலாம், செலவும் கூடும்.

அறுவை நடந்தது ஒரு வியாழக்கிழமை காலை. பசியாறிவிட்டுத்தான் வரச் சொன்னார்கள். மயக்க மருந்து கிடையாது, மரப்பு ஊசி மட்டும். முகத்தைத் துணியால் மூடி வாயை மட்டும் திறந்து வைத்தார்கள். வலி? பல் பிடுங்குவதைவிடக் குறைவு. இது என் ஒருவன் அனுபவம் மட்டுமல்ல, செய்துகொண்ட பலரும் இதையே சொல்கிறார்கள். பயமுறுத்துவது சத்தமும் அதிர்வும்தான். துளையிடும்போது மண்டைக்குள்ளேயே யாரோ சிமெண்டுத் தரையை இடிப்பது போல இருக்கும். மெல்லிய துளைப்பானில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தடிமன் கூட்டுகிறார்கள். உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். எலும்பு 47 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி ஒரு நிமிடம் நின்றால் செத்துவிடும், செத்த எலும்பு எதையும் பிடிக்காது. அதனால்தான் அந்த நிதானம், அந்தத் தண்ணீர். பிறகு நான்கு மில்லிமீட்டர் தடிமனும் பத்து மில்லிமீட்டர் நீளமும் உள்ள டைட்டானியம் திருகாணியைக் கையாலேயே மெல்ல முடுக்கினார். தூள் வைத்து, ஈறை மேலே மூடித் தையல் போட்டார். ஐம்பது நிமிடம்.

மறுநாள் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியது. வீக்கம் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முதல் நாள் துப்பக் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது, சூடாக எதுவும் கூடாது. உறையும் இரத்தம் கலைந்துவிடும். ஒரு வாரம் கஞ்சி, அவித்த முட்டை, பிசைந்த தோசை. பத்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள். அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்புப் போதுமானதாக இருந்தது. வீக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், உதட்டு மரப்பு மறுநாளும் தெளியாவிட்டால் உடனே திரும்பிப் போக வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அதன் பிறகு நான்கு மாதம் வெறும் காத்திருப்பு. இதற்குத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. எலும்பு அந்த உலோகத்தின் மேல் வளர்ந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் ஆறு மாதம் வரைகூட ஆகும். இந்த ஒட்டுதலைக் கண்டவர் பல் மருத்துவரே அல்ல. பெர் இங்வார் பிரோனமார்க் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர், 1952-இல் முயல் காலெலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அதே பற்களோடுதான் சாப்பிட்டார்.

எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் நூற்றில் ஏறக்குறைய 95 நிலைத்திருக்கின்றன என்கிறார்கள். மீதி ஐந்தில் நாமும் இருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை அடங்காதவர்களும் அந்த ஐந்தை நோக்கி நடக்கிறார்கள். திருகாணிக்கு ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று எழுதித் தருகிறார்கள். அது உலோகத்துக்கு, நம் வாய்க்கு அல்ல.

இங்கே ஒரு சின்ன விலகல். விடுமுறைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகும்போது முடித்துவிடலாம், பாதி விலைதான் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அங்கே நல்ல மருத்துவர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வார விடுமுறைக்காக எலும்பு அவசரப்படாது. குறைந்தது இரண்டு பயணம் வேண்டும். நடுவில் ஏதாவது ஆனால் மெர்லிமாவில் இருந்துகொண்டு யாரைப் போய்ப் பார்ப்பது? விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

விலை குறைவு என்பதற்காக வீட்டுக்குள் பல் வேலை பார்ப்பவர்களிடம் போவது வேறு கதை. 2017-இல் நம் மலாக்காவிலேயே நடந்தது பலருக்கு நினைவிருக்கும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட இருபது வயதுப் பெண் ஒருவர் தங்கும் விடுதி ஒன்றில் பல்லுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனவரை, பொதுமக்களிடம் திரட்டிய பணத்தால் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்போதும் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம். ஆனால் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள். இதுவரை எத்தனை இம்பிளாண்ட் வைத்திருக்கிறீர்கள், பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள், மறுபடி காசு கேட்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.

செப்டம்பரில் ஈறைச் சிறிதாகக் கீறி, திருகாணியின் மேல் ஒரு மூடி வைத்தார். இரண்டு வாரத்தில் ஈறு அதைச் சுற்றி ஆறியது. பிறகு வாய்க்குள் கேமரா விட்டு அளவெடுத்து, அக்டோபர் நடுவில் இணைப்பும் பீங்கான் பல்லும் பொருத்தப்பட்டன. ஸ்கேன் 350, திருகாணியும் அறுவையும் 3,800, தூள் 900, இணைப்பும் பல்லும் 2,700. விலை கேட்கும்போது ‘எல்லாம் சேர்த்தா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருகாணி விலையை மட்டும் விளம்பரத்தில் போடுகிறவர்கள் உண்டு. பாதிப் பணத்தை ஊழியர் சேமநிதியின் ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்தேன். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற மருத்துவரிடம் செய்த பல் சிகிச்சைக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரியில் கழிவு உண்டு. ரசீதை எறிந்துவிடாதீர்கள். திருகாணியின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் எழுதிய அட்டை ஒன்றையும் கேட்டு வாங்கிக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். ஒவ்வொரு நிறுவனத்தின் ஆணிக்கும் அதற்கான முடுக்கிதான் சேரும்.

புதுப் பல்லில் முதல் வாய் மென்றது விசித்திரமாக இருந்தது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நாராலான மெல்லிய மெத்தை ஒன்று உண்டு, கல் கடிபட்டால் அது உடனே சொல்லிவிடும். இம்பிளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. எலும்போடு எலும்பாக நிற்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. அதனால் ஐஸ் கட்டி, நண்டு ஓடு எல்லாம் தடை. அதில் சொத்தை விழாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகலாம், வலியே இல்லாமல் எலும்பை அரித்துக்கொண்டு போகலாம். சின்ன இடைவெளித் தூரிகையால் இரவுதோறும் சுத்தம் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா ஒருநாள் மெதுவாகக் கேட்டார். “எனக்கு அப்படி வைப்பாங்களாடா?”

அம்மாவுக்கு 68 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றுதான் வைத்தியம். நாற்பது வயதுக்குள் எல்லாம் போய்விட்டன. மேல் செட் ஒழுங்காக நிற்கும். கீழ் செட் பேசும்போதே மிதக்கும். கல்யாண வீட்டுக்கு மாட்டிக்கொண்டு போவார், பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். சாப்பிடுவதற்காகச் செய்த பல்லைச் சாப்பிடும்போது கழற்றுகிறாரே என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

கீழ்த்தாடையில் எல்லாப் பல்லும் போனவர்களுக்கு, முன்பக்கம் இரண்டே இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அதன் மேல் பல் செட்டை பட்டன் போல அழுத்தி மாட்டும் முறை இருக்கிறது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். முழு வாய்க்கும் ஆகும் செலவில் ஒரு பங்குதான். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

படிவத்தில் ‘தினமும் சாப்பிடும் மருந்துகள்’ என்ற இடத்தில் இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் எழுதினேன். மருத்துவர் அம்மாவிடம் மறுபடி கேட்டார். “பாட்டி, வேற ஏதாச்சும் மாத்திரை? வாரத்துக்கு ஒரு தடவ சாப்பிடுறது?”

“அது ஞாயித்துக்கெழம மாத்தர. எலும்புக்கு. வெறும் வயித்துல சாப்ட்டு அரமணி நேரம் படுக்கக் கூடாது,” என்றார் அம்மா சாதாரணமாக.

ஆறு ஆண்டுக்கு முன் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது எழுதிக் கொடுத்த மாத்திரை. தினமும் சாப்பிடுவதில்லை, அதனால் நானும் எழுதவில்லை. அந்த வகை மருந்து எலும்பு கரைவதைத் தடுக்கிறது, அதே காரணத்தால் தாடையில் காயம் பட்டால் ஆறாமல் எலும்பு அழுகிப் போகும் நிலை சிலருக்கு வரலாம். மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது, ஊசியாகப் போடும் புற்றுநோயாளிகளுக்குத்தான் அதிகம். ஆனால் ஆண்டுகள் கூடக் கூட இதுவும் கூடும். “நீங்களா நிறுத்திடாதீங்க பாட்டி, இடுப்பு எலும்பு ஒடஞ்சா அது இதவிடப் பெரிய பிரச்சன,” என்று சொல்லிவிட்டு, மருந்து எழுதிய மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

கார் மெர்லிமாவைத் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. பிறகு, “வெட்டுன பட்ட ஆற ஏழெட்டு வருசம் ஆவும், அதுக்கு முன்னால கத்தி வச்சா மரம் தாங்காதுன்னு கங்காணி திட்டுவாரு. அந்தப் பொண்ணு சொல்றதும் அதான்,” என்றார். முடியாது என்று பதில் வந்தால், கீழ் செட்டையாவது அரசாங்கப் பல் கிளினிக்கில் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார். ஆனால் நாள்காட்டியில் அடுத்த மாதம் 14-ஆம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். எலும்பு மருத்துவரைப் பார்க்கும் நாள்.

போன ஞாயிறு மறுபடி செர்காம் பந்தாய்க்குப் போனோம். நான் நண்டின் பக்கம் போகவில்லை. அம்மாவுக்கு இக்கான் பாரியை முள் எடுத்து, கணவாயைப் பொடியாக நறுக்கி வைத்தேன். செட் வழக்கம்போல மடியில், கைக்குட்டைக்குள். “எந்தப் பக்கம்டா புதுப் பல்லு?” என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.